நூல் கோர்க்கிற வெளிச்சம்

மார்ச் 2

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். ஓடுகிற பஸ்ஸில் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டு எழுதிப் பழகிய கண்டக்டர் கை இது. வீட்டில் மேஜைமேல் வைத்து எழுதினாலும் வேகத்தடை பார்த்துத் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் போகும். நீ கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படி.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். அந்தப் போன் பெயருக்குத்தான் என்னுடையது. உன் அம்மா பேசி முடித்து என் காதில் வைக்கும்போது அது அடுப்பிலிருந்து இறக்கியது மாதிரிச் சுடும். உனக்கும் வேலைக்கு நேரமாகியிருக்கும். “சாப்டியாம்மா?” “சாப்டேம்பா.” “சரிம்மா, வச்சிரட்டா?” நீ அந்த ஊருக்குப் போனதிலிருந்து நாம் இரண்டு பேரும் போனில் பேசிய மொத்தப் பேச்சு இவ்வளவுதான். அதனால் எனக்கென்று தனியாக ஒரு ரூட் போட்டுக்கொண்டேன். இதில் உன் அம்மா ஏற முடியாது.

சேதி இதுதான். வீட்டுக்காரர் வந்தார். அவருடைய பெரிய பையன் குடும்பத்தோடு இங்கேயே வந்துவிடுகிறானாம், கீழ்வீடு வேண்டுமாம். “அவசரமே இல்ல, மெதுவா பாத்துக்குங்க” என்றார். அவசரமில்லை என்று சொல்வதற்காக மனுஷன் விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றார் பார், அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. வீடு மாற வேண்டும்.

இந்த வீட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். சுவரைத் தொட்டுப் பார்க்கலாம், வானத்தைப் பார்க்க முடியாது. பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியாயிற்று. உன் அம்மா தையல் மெஷினை வாசலுக்கு நேராகப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கிறாள். யாராவது வாசலில் வந்து நின்றால் “தள்ளி நில்லுங்க, துணி தெரியல” என்கிறாள். வாடிக்கையாளர்களே பக்கவாட்டில் நின்று பேசிப் பழகிவிட்டார்கள். கருநீலத் துணி, கருநீல நூல். நான் ஒருநாள் உதவி செய்கிறேன் என்று ஊசியில் நூல் கோர்க்கப் போய், என் கட்டைவிரலில் கோர்த்துக்கொண்டேன்.

இப்போது அவள் ஒரே பிடியாக நிற்கிறாள். “இந்த வாட்டி வெளிச்சம் இருக்கற வீடுதான். இல்லன்னா நீங்க மட்டும் போங்க, நான் மெஷினோட ரோட்டுல உக்காந்துக்கறேன்.”

நான் சொன்னேன்: “வெளிச்சத்துக்கு எதுக்குடி வீடு? சுவிட்ச் இருக்கு.” என் சர்வீஸில் நான் பார்த்தது வேறு. பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவனும் முதலில் பார்ப்பது எந்தப் பக்கம் நிழல் என்றுதான். நிழல் பக்க சீட்டுக்கு அடிதடியே நடந்து நான் விலக்கிவிட்டிருக்கிறேன், நடுவில் என் சட்டைதான் கிழிந்தது. “அண்ணே, நல்ல வெயிலா பாத்து ஒரு சீட்டு குடுங்க” என்று இதுவரை ஒருத்தன் கேட்டதில்லை. ஊரே ஓடி ஒளிகிற வெயிலுக்கு நான் வாடகை கொடுக்க வேண்டுமாம்.

அதற்கு உன் அம்மா சொன்னது: “பஸ்ஸுல அரை மணி உக்காந்துட்டு எறங்கிப் போயிருவாங்க. வீட்ல அப்படி எறங்கிப் போக முடியுமா?”

பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையில் முழித்தது மாதிரி முழித்தேன். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ பல் செய்கிற லேபில் வேலை பார்ப்பவள். போன வருஷம் வந்தபோது நிறம், வெளிச்சம் என்று என்னென்னவோ சொன்னாய், நான் கேட்கிற மாதிரித் தலையாட்டினேன். இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். வீட்டில் வெளிச்சம் எப்படிப் பார்ப்பது?

அது கிடக்கட்டும், உன் அறை எப்படி? ஜன்னல் எந்தப் பக்கம்?

முன்படி, பின்படி இரண்டிலும் உன்னைப் பார்த்து நிற்கும்
அப்பா


மார்ச் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை லேபிலேயே பிரித்துப் படித்துச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி பயந்துபோய் என்னவென்று கேட்டாள். “எங்கப்பா வெயிலுக்கு டிக்கெட் குடுக்க மாட்டேங்கறாரு” என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

அம்மா சொல்வதுதான் சரி. நான் அம்மா கட்சி.

இங்கே நாங்கள் செய்கிற பல்லுக்கு நிறம் பார்க்க ஒரு கொத்து வைத்திருக்கிறோம். சாவிக்கொத்து மாதிரிதான், சாவிக்குப் பதில் மாதிரிப் பற்கள் தொங்கும். ஆளுடைய பல்லுக்குப் பக்கத்தில் அதைப் பிடித்து எது பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியருக்குப் பார்த்தேன். அச்சு அசலாக இருந்தது. மனுஷர் வெளியே தெருவுக்குப் போய்ச் சிரித்தாரோ இல்லையோ, முன்பல் மட்டும் தனியாக வேறு யாரோ சிரிக்கிற மாதிரி நின்றது. திரும்பி வந்து வாயைப் பொத்திக்கொண்டே என்னைத் திட்டினார். ட்யூப்லைட் எல்லாவற்றையும் நல்லதாகவே காட்டும் அப்பா, அதை நம்பக் கூடாது. அன்றிலிருந்து நிறம் பார்ப்பதெல்லாம் ஜன்னல் பக்கம்தான்.

வீட்டுக்கும் அதேதான். புரோக்கர் லைட்டைப் போட்டு வைத்திருந்தால் அணைக்கச் சொல்லுங்கள். ஜன்னல் எவ்வளவு பெரிசு என்று பார்க்காதீர்கள், ஜன்னலுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை போங்கள். உங்கள் டூட்டி முடிந்து ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு போய் நிற்காதீர்கள், உங்களைத் தெரியும்.

வாடகை கூட வந்தாலும் பரவாயில்லை, மிச்சத்தை நான் மாதாமாதம் அனுப்புகிறேன். இதில் பேச்சு வேண்டாம். எனக்கு இங்கே பெரிதாகச் செலவே இல்லை.

என் அறை நன்றாக இருக்கிறது. ரொம்ப நல்ல வெளிச்சம். ஒரே ஜன்னல்தான், ஆனால் சுவர் முழுக்க ஜன்னல். காலையில் வெயில் வந்து தலையணையில் விழுந்து எழுப்பிவிடும், அலாரமே வைப்பதில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் அதே ஜன்னல் வழியாக வெயில் நீளமாக மேஜைமேல் மஞ்சள் துணி விரித்த மாதிரி விழுந்திருக்கும். ஒரு மரம் இருக்கிறது. குருவிகள் வருகின்றன. எதிரே ஒரு பூங்கா. மழை வந்தால் இன்னும் அழகு. என்னைப் பற்றிக் கவலையே படாதீர்கள்.

அம்மாவிடம் நான் அவள் கட்சி என்று சொல்லவும்.

சிரித்த முகத்தோடு, சொந்தப் பற்களோடு,
உங்கள் வாலு


ஏப்ரல் 6

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கட்சி மாறியவளை மன்னித்தேன். வீடு பார்த்த கதையைக் கேள்.

எங்களுக்கு வாய்த்த புரோக்கருக்கு நான் ஹெல்மெட் என்று பெயர் வைத்திருக்கிறேன். வண்டியை விட்டு இறங்கினாலும் தலையிலிருந்து அதைக் கழற்றுவதில்லை. அதோடேயே வீட்டுக்குள் வந்து, அதோடேயே பேசுகிறார். பாதி வார்த்தை உள்ளேயே தங்கிவிடும். வாடகை எவ்வளவு என்று கேட்டால் அந்த வார்த்தை மட்டும் கண்டிப்பாகத் தங்கிவிடும்.

நீ சொன்ன மாதிரியே முதல் வீட்டில் எல்லா லைட்டையும் போட்டு வைத்திருந்தார். உன் அம்மா உள்ளே நுழைந்ததும் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே போனாள்.

“அக்கா, அணைச்சா இருட்டா இருக்கும்க்கா.”

“அதத்தான் தம்பி பாக்க வந்தோம்.”

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். கைப்பையிலிருந்து ஊசியையும் கருநீல நூலையும் எடுத்து, ஹாலின் நடுவில் நின்று நூல் கோர்க்கப் பார்த்தாள். போகவில்லை. அடுத்த அறைக்குப் போனாள். அங்கேயும் போகவில்லை. “வாங்க, போலாம்” என்று என்னைப் பார்த்தாள். ஹெல்மெட் ஒன்றும் புரியாமல், “என்ன சார், அக்கா ஏதாச்சும் பரிகாரம் பண்றாங்களா?” என்று என் காதில் கேட்டார். அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் இதுதான் பரீட்சை. நூல் போனால் பாஸ். அவள் பரீட்சை நடத்த, நான் பின்னால் கைப்பையைப் பிடித்துக்கொண்டு அட்டெண்டர் மாதிரி நிற்கிறேன்.

இரண்டாவது வீட்டில் நான் ஏமாந்த கதையைச் சொல்ல வேண்டும். உள்ளே போனதும் கண் கூசுகிற வெளிச்சம். நூல் முதல் தடவையிலேயே போய்விட்டது. நானே “இதான்யா வீடு” என்று கத்திவிட்டேன், சட்டைப்பையில் கைகூட விட்டுவிட்டேன். அப்போது பார்த்து ஹால் மங்க ஆரம்பித்தது. மேகமோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், எதிரே ஒரு பெரிய கண்ணாடி முகப்பு வைத்த சோபாக் கடை. அந்தக் கண்ணாடியில் பட்டுத் தெறித்த வெயில்தான் இத்தனை நேரம் எங்கள் ஹாலில் இருந்தது! இரண்டு பேர் ஏணியில் நின்று ‘மாபெரும் தள்ளுபடி’ என்று ஒரு பேனரை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இறக்க இறக்க, இங்கே சினிமாக் கொட்டகை மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது.

ஹெல்மெட் விடவில்லை. “தள்ளுபடி முடிஞ்சதும் எடுத்துருவாங்க சார்.”

உன் அம்மா, “அது முடியற வரைக்கும் புள்ளைங்க யூனிபாரம் போடாம பள்ளிக்கூடம் போகட்டுமா?” என்றாள்.

இப்போது இரண்டு வீடு மிஞ்சியிருக்கிறது. ஒன்று சின்னது. இரண்டாவது மாடியில் பின்பக்கம். ஒரு அறையில் மட்டும் கிழக்கே நல்ல ஜன்னல், மெஷின் போடலாம். சமையலறை கொஞ்சம் மங்கல். ஹாலில் நான் கை நீட்டிச் சோம்பல் முறித்தால் இரண்டு சுவரும் தட்டும். நம் வாடகைக்குள் அடங்குகிறது.

இன்னொன்று மூன்றாவது மாடி. அதை வீடு என்று சொல்லவே மனசு வரவில்லை, மாளிகை. இரண்டு பக்கமும் ஜன்னல், ஒரு பால்கனி, எதிரே ஒரு கட்டடமும் இல்லை, விளையாட்டு மைதானம். உன் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நூல் கோர்த்தாள். கோர்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது. வாடகையைக் கேட்டேன். “கொஞ்சம் ஹெல்மெட்டக் கழட்டிட்டு இன்னொரு தடவ சொல்லுங்க” என்றேன். கழற்றாமலே சொன்னார். அதே தொகைதான். நீ அனுப்புகிறேன் என்று சொன்னதைச் சேர்த்தால் எட்டும். அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது வேறு விஷயம். ஒரு சின்னச் சந்தேகம்.

உன் கடிதத்தை டிப்போவில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். ஒரே ஜன்னல் என்கிறாய். காலை வெயில் தலையணையில். சாயங்கால வெயிலும் அதே ஜன்னல் வழியாக மேஜையில். காலையில் கிழக்கே கிளம்புகிற வண்டி சாயங்காலம் மேற்கே போய்ச் சேர்கிறது, இது எனக்குத் தெரிந்த ஒரே பூகோளம். ஒரே ஜன்னலுக்கு எப்படி இரண்டு தடவை வரும்? உன் வீட்டுக்கு எதிரேயும் சோபாக் கடை இருக்கிறதா?

பட்டப்பகல் என்று நீ வீடியோவில் சொல்கிற நேரத்திலும் உன் பின்னால் ட்யூப்லைட் எரிகிறது. உன் அம்மா காதுக்கும் போனுக்கும் நடுவில் எனக்குத் தெரிகிற இத்துனூண்டு இடத்தில் அதுதான் தெரிகிறது.

டிக்கெட் எடுத்தவன் கேட்டால் எடுத்துக் காட்டிவிட்டுச் சும்மா இருப்பான். எடுக்காதவன்தான் எங்கே ஏறினேன், யார் ஏற்றிவிட்டார்கள், ஸ்டாப்பில் எத்தனை கூட்டம் என்று நான் கேட்காததையெல்லாம் சொல்லுவான். நீ மரம் சொன்னாய், குருவி சொன்னாய், பூங்கா சொன்னாய், மழைகூடச் சொன்னாய்.

டிக்கெட்டைக் காட்டு வாலு.

இறங்காமல் காத்திருக்கும்
அப்பா


ஏப்ரல் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

மாட்டிக்கொண்டேன். டிக்கெட் இல்லை.

நான் இருப்பது தரைக்குக் கீழே. மேலே ஒரு லாண்டரி. துணி துவைக்கிற மெஷின்கள் ஓடும்போது என் கட்டிலும் சேர்ந்து ஓடும். ஜன்னல் இல்லை. கூரையை ஒட்டி, தெருவோடு தெருவாக, ஒரு புத்தகம் அகலத்துக்குக் கண்ணாடிப் பட்டை இருக்கிறது. அதற்கு வெளியே கம்பி. அதில் வானம் தெரியாது, கால்கள் தெரியும். என் தெருக்காரர்கள் எல்லாரையும் செருப்பை வைத்துத்தான் தெரியும். ஒரு சிவப்பு ஷூக்காரர் தினமும் ஓடுகிறார். ஒரு நாய் வந்து நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போகும். அது ஒன்றுதான் என்னை முகத்துக்கு நேரே பார்க்கிற ஜீவன். சொல்லக் கேட்டால் பாவமாக இருக்கும், ஆனால் அவ்வளவு மோசமில்லை அப்பா. குளிர் காலத்தில் லாண்டரிச் சூடு இறங்கும், கம்பளியே வேண்டாம்.

ஒரே ஒரு தொந்தரவு, வெளியே என்ன நிலவரம் என்று தெரியாது. போன மாதம் விடுமுறை நாளில் மழை என்று நினைத்துக் குடை விரித்தபடியே படியேறி வெளியே போனேன். பளீரென்று வெயில். மேலே யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். தெரு முழுக்க என்னைப் பார்த்தது. மடக்கினால் இன்னும் அசிங்கம் என்று அப்படியே கடைவரைக்கும் போனேன்.

லேபில் நிறம் பார்க்கிற ஜன்னல் இருக்கிறது என்றேனே, அங்கேதான் சாப்பிடுகிறேன், அங்கேதான் டீ குடிக்கிறேன். வேலை முடிந்தும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கிளம்புகிறேன். பக்கத்து மேஜைக்காரி எனக்கு வேலைமேல் அவ்வளவு ஆசை என்று நினைக்கிறாள். மேலதிகாரியும் அப்படியே நினைக்கட்டும்.

இதெல்லாம் அம்மாவுக்கு வேண்டாம். உங்கள் காலில் விழுகிறேன், சொல்லாதீர்கள். இங்கே வாடகை குறைவு, அதனால்தான் உங்களுக்கு அனுப்ப முடியும். அம்மா இத்தனை வருஷம் வாசலில் வருகிற வெளிச்சத்தில் தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். இப்போது அவளுக்கு மைதானம் பார்த்த ஜன்னல் கிடைக்கிறது என்றால் எனக்கு அது போதும். மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்காவிட்டால் நான் இங்கே இருந்ததெல்லாம் வீணாகிவிடும்.

அபராதம் எவ்வளவு என்று எழுதவும்.

உங்கள் வித்தவுட் பயணி,
வாலு


ஏப்ரல் 29

அன்புள்ள வாலுக்கு,

இந்த ரூட்டில் உன் அம்மா ஏற முடியாது என்று எழுதியிருந்தேன். முன்படி வழியாக ஏறிவிட்டாள். நான் டூட்டிக்குப் போயிருந்தபோது உன் கடிதம் வந்திருக்கிறது. கத்தரிக்கோலால் ஓரத்தை அளவாக வெட்டி, படித்து, மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். நான் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. உன் அம்மா பேசாமல் இருந்தால் எனக்குப் பிரேக் பிடிக்காத வண்டியில் நிற்பது மாதிரி இருக்கும், உனக்குத் தெரியும்.

கடைசியில், “நாளைக்கு அந்த மூணாவது மாடி வீட்ட இன்னொரு வாட்டி பாக்கலாம்” என்றாள்.

சரி, மகள் சொன்னபடியே எடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். மனசுக்குள் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

போனோம். நல்ல வெயில் நேரம். இரண்டு பக்க ஜன்னலும் திறந்திருந்தது. ஹெல்மெட் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சிரித்தார். உன் அம்மா ஹாலின் நடுவில் போய் நின்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஊசியை எடுத்தாள். நூல் போகவில்லை. நூல் நுனியை நாக்கில் நனைத்துக்கொண்டு மறுபடி கோர்த்தாள். போகவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் போய், வெயிலிலேயே நின்று, ஊசியைத் தூக்கிப் பிடித்துக் கோர்த்தாள். அப்போதும் போகவில்லை.

“இல்ல தம்பி. இங்க வெளிச்சம் பத்தல.”

ஹெல்மெட் அப்படியே தலையிலிருந்து அதைக் கழற்றினார். அன்றைக்குத்தான் அவர் தலையைப் பார்த்தேன். நிறைய முடி இருக்கிறது, எதற்கு மறைத்து வைத்திருந்தார் என்று தெரியவில்லை. “அக்கா, போன வாட்டி கண்ணாடி இல்லாமயே கோத்தீங்களேக்கா! சார், நீங்களாச்சும் சொல்லுங்க சார்.”

நான் உன் அம்மா முகத்தைப் பார்த்தேன். எனக்குக் கண் கூசியதால் கையை நெற்றியில் குடை மாதிரிப் பிடித்துக்கொண்டு, “ஆமாங்க, கொஞ்சம் மங்கலாத்தான் தெரியுது” என்றேன். என் சர்வீஸில் இப்படி ஒரு பொய்யை நான் எந்தப் பயணியிடமும் கேட்டதில்லை.

படியிறங்கும்போது கேட்டேன், “ஏன்டி?”

“அவ இருட்டுல உக்காந்துகிட்டு அனுப்பற வெளிச்சத்துல எனக்கு எந்த ஊசியும் தெரியாது” என்றாள்.

அங்கிருந்து நேராகச் சின்ன வீட்டுக்குப் போனோம். கிழக்கு ஜன்னலிடம் நின்று ஒரே தடவையில் கோர்த்தாள். எடுத்துவிட்டோம். சமையலறை மங்கல்தான். நான் சமைப்பதில்லை என்பதால் அதில் பெரிய குறை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். இனிமேல் வாரத்தில் ஒருநாள் நான் சமைக்க வேண்டும் என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது.

இப்போது உன் அபராதம். இனி எங்களுக்கு வாடகை என்று எதுவும் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், நீ மறுபடி அனுப்பினால் மறுபடி திருப்புவேன். அந்தப் பணத்தில் ஒரு ஜன்னல் பார். அதுவரைக்கும் உன் அம்மா உன்னோடு பேசமாட்டாளாம். “ஜன்னல் இருக்கற ரூம்ல இருந்து கூப்புட்டா பேசறேன்” என்கிறாள். இனி போன் முழுக்க என்னுடையது. இத்தனை நாள் ஆசைப்பட்ட போன் கைக்கு வந்ததும் எனக்கு என்ன பேசுவது என்றே தெரியவில்லை. “சாப்டியாம்மா” தாண்டி ஒரு ஸ்டாப்கூடப் போக மாட்டேன் என்கிறது. தயவுசெய்து சீக்கிரம் ஒரு ஜன்னல் பார், என்னைக் காப்பாற்று.

நீ அங்கே இருந்தது வீணாகிவிடும் என்று எழுதியிருந்தாய். வீண் இல்லை. எங்களுக்கு இப்படி ஒரு மகள் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டோம். அது போதும், இனி மேலே ஏறி வா.

கண்டிப்பான பரிசோதகர்,
உன் அப்பா


மே 20

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் நான் கோபமாக இருக்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். மாளிகையை விட்டுவிட்டீர்கள். நல்ல வீட்டைக் கண் முன்னாலேயே பெயில் போட்டிருக்கிறாள் அம்மா. அதற்கு நீங்கள் கூட்டுச் சாட்சி வேறு.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் பதில் எழுதவில்லை. பணத்தை அனுப்பிப் பார்த்தேன், திரும்பி வந்துவிட்டது. போனில் அம்மாவைக் கேட்டேன், பின்னாலிருந்து “நான் இல்லன்னு சொல்லுங்க” என்று அவள் குரலே கேட்டது. நீங்களும் “அம்மா இல்லம்மா” என்றீர்கள். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

அப்புறம் ஒரு விடுமுறை நாளில் வீடு பார்க்கக் கிளம்பினேன். எனக்கு ஊசியில் நூல் கோர்க்க வராது. அதனால் லேபிலிருந்து அந்தப் பல் கொத்தை எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்துப் பக்கத்து நிறத்தில் இருக்கிற இரண்டு பல்லைப் பிடித்தால், நல்ல வெளிச்சத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும். ஒரு வீட்டுக்கார அம்மா நான் அறைக்கு அறை பல்லைத் தூக்கிப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, தன் பல்லைத்தான் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார். வீடு முழுக்க வாயைத் திறக்காமலே சுற்றிக் காட்டினார். வாடகையைக்கூட விரலில்தான் சொன்னார்.

அந்த வீட்டைத்தான் எடுத்திருக்கிறேன். வீடு இல்லை, மொட்டை மாடியில் ஒரு அறை. கூரை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, அங்கே போனால் குனிந்துகொள்ள வேண்டும், பார்க்கப் போன அன்றே இடித்துக்கொண்டேன். படிகள் நிறைய. சமையல் வெளியே, இன்னொருத்தியோடு பங்கு. வாடகை கூடத்தான், கையெழுத்துப் போடும்போது கை கொஞ்சம் நின்றது. உங்களுக்கு அனுப்ப வேண்டியதை எடுத்து எனக்கே செலவழிக்கிறேனோ என்று இருந்தது. அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன், அந்த இரண்டு பல்லும் நன்றாகத் தனித்தனியாகத் தெரிந்தன. போட்டுவிட்டேன்.

ஜன்னல் கிழக்கே. காலையில் மட்டும்தான் வெயில் வருமாம். மரம் இல்லை, குருவி இல்லை, பூங்கா இல்லை. எதிரே நிறையத் தண்ணீர்த் தொட்டிகளும், அதற்கு மேலே மிச்சமெல்லாம் வானமும். இந்தத் தடவை அவ்வளவுதான், கூட ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மாறுகிறேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவேன். அம்மாவை எடுக்கச் சொல்லுங்கள்.

கோபத்தோடும் மற்றதோடும்,
வாலு


ஜூன் 9

அன்புள்ள வாலுக்கு,

வீடு மாறி வந்து மூட்டை முடிச்செல்லாம் பிரித்தாயிற்று. என் சட்டைகள் எந்த மூட்டையில் போயின என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. டிப்போவுக்கு ஒரே சட்டையோடு போகிறேன், எல்லாரும் புது வீட்டுக்கு வாடகை ஜாஸ்தியோ என்று விசாரிக்கிறார்கள். முதல் வாரச் சமையல் என்னுடையது. உன் அம்மா சாப்பிட்டுவிட்டு, “சமையக்கட்டுல இருட்டா இருக்கறது நல்லதுதான்” என்றாள்.

நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. உனக்கு முகம்தான் தெரிந்திருக்கும். அதனால் எழுதுகிறேன்.

போன் அடித்ததும் உன் அம்மா எடுக்கவில்லை. “நீங்க பாருங்க, ஜன்னல் இருக்கான்னு பாத்துட்டுக் குடுங்க” என்றாள். நான் பார்த்தேன். ஜன்னல் இருந்தது. ஆனால் நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. இத்தனை நாள் வீடியோவில் உன்னைப் பார்த்து, அந்த ஊர்த் தண்ணீருக்குப் பெண் வெளுத்துவிட்டாள் என்று டிப்போவில் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அது ட்யூப்லைட் நிறம். அன்றைக்கு ஒரு கன்னத்தில் வெயில் பட, நீ நம்ம நிறத்தில் இருந்தாய். சின்னப் பிள்ளையில் விளையாடிவிட்டு வந்து நிற்பாயே, அந்த நிறம். நான் போனை அவளிடம் கொடுத்துவிட்டேன். “சாப்டியாம்மா” கூடக் கேட்கவில்லை, கவனித்தாயா?

அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் பேசினீர்கள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. போன் சூடானது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வைத்ததும் உன் அம்மா மெஷினிடம் போய் உட்கார்ந்தாள். ஊசியை எடுக்கவில்லை.

“இளைச்சுப் போயிருக்கா.”

“நல்லாத்தானே இருக்கா.”

“உங்களுக்கு என்ன தெரியும்? கழுத்துகிட்ட பாத்தீங்களா? இத்தன மாசமா என்கிட்ட காட்டாம இருந்திருக்கா.”

ஆகவே வெளிச்சத்தில் இதுவும் இருக்கிறது வாலு, எல்லாம் தெரிந்துவிடும். கட்டிலுக்குக் கீழே நீ தள்ளி வைத்திருந்த துணிக் குவியலும் தெரிந்தது. இனிமேல் சாப்பிட்டேன் என்று சும்மா சொல்லித் தப்பிக்க முடியாது. ஒழுங்காகச் சாப்பிடு.

இன்னொன்று. உன் ஜன்னலின் நீளம் அகலம் கேட்கிறாள். திரை தைத்து அனுப்பப் போகிறாளாம். யூனிபாரத்தில் மிஞ்சிய கருநீலம் இல்லை, நேற்று கடைக்குப் போய்ப் புதுத் துணியே எடுத்து வந்துவிட்டாள், மஞ்சள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இவ்ளோ பாடுபட்டு வெளிச்சத்துக்கு மேல ஏறிப் போன புள்ளைக்குத் திரையா?” என்று கேட்டேன்.

துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: “வேணும்னா தெறந்துக்கட்டும், வேணாம்னா மூடிக்கட்டும். அது அவ இஷ்டம். போன வீட்ல அவளுக்கு அந்த இஷ்டமே இல்லையே.”

டேப் இல்லாவிட்டால் சாண் கணக்கில் அளந்து எழுது. துணி மெஷின்மேலேயே இருக்கிறது.

இந்தக் கடிதத்தை லைட் போடாமலே எழுதிக்கொண்டிருக்கும்
உன் அப்பா